எடைமேடைச் சீட்டு

காப்பார் ஆலை வாசல், இரவு இரண்டே கால்.
குலை ஏற்றிய லாரி வரிசை கரைந்துவிட்டது.
"நம்ம பேர்ல ஒரு போர்க்கப்பல் இருந்துச்சாமே, ராயப்பா?"
கிளப்பிவிட்டுப் போய்விட்டார் குப்புலிங்கம்.
மைலோ ஆறுவதற்குள் கைப்பேசியில் தேடினேன்.

இருந்தது. மலாயா என்று பேர்.
ஐந்தில் ஒன்று. ஆறாவதைப் போர் மூண்டதும்
கட்டாமலே விட்டார்கள்.
பதினைந்து அங்குல வாயோடு எட்டுப் பீரங்கி.
கரி அள்ளிப் போடும் கைகள் வேண்டாம்,
முழுக்க எண்ணெய்.
எண்ணெய் என்றதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது,
பிறகு உட்கார்ந்தது. இது வேறு எண்ணெய்.

மற்ற நாலும் அவர்கள் காசு.
இது மட்டும் பரிசு.
கூட்டு மலாய் நாடுகள் கொடுத்ததாம்.
ஈயம் கொடுத்தது, பால்மரம் கொடுத்தது.
பிரட்டுக்கு இருட்டில் வந்து நின்றவர்கள் கொடுத்ததாக
எங்கும் எழுதவில்லை.
சபை கூடித் தீர்மானித்தது.
மரம் வெட்டுகிறவன் எவனும் அந்தச் சபையில் இல்லை.

வெள்ளைக்காரன் கப்பலை அவள் என்பான்.
நான் அது என்கிறேன்.
எடை போடுகிறவனுக்கு மேடை ஏறுவதெல்லாம் அது.

நிறைபாரம் முப்பத்து மூவாயிரம் டன்.
லாரிக்குப் பத்து என்றால் மூவாயிரத்து முந்நூறு லாரி.
நாளைக்கு நாற்பது.
நோன்புப் பெருநாள், தீபாவளி, வெள்ளம் எல்லாம் சேர்த்தால்
மூன்று மாசம் நான் சீட்டு எழுத வேண்டும்
அந்த ஒரு வண்டிக்கு.

பிறகு படித்தது எதுவும் வரிசையில் நிற்கவில்லை.
ஜட்லாந்தில் எட்டு அடி வாங்கியது; மருந்து பற்றிக்கொண்டு
அறுபது பேருக்கு மேல்.
நாடிழந்த ஒரு சுல்தானை ஏற்றிக் கடல் கடத்தியது.
ஜெனோவாவில் அது சுட்டது என்கிற குண்டொன்று
மாதா கோயில் கூரையைத் துளைத்து விழுந்து
வெடிக்காமல் கிடந்ததாம்.
இதற்கு மட்டும் சந்தோஷப்பட்டேன்.
நம் காசில் போன குண்டு. வெடிக்கவில்லை.

கூடப் பிறந்ததில் பார்ஹம் சாய்ந்து புரண்டு வெடித்ததைப்
பக்கத்துக் கப்பலின் கேமரா பிடித்திருக்கிறது.
மூன்று தடவை பார்த்தேன்.
நாலாவது தடவை, சரிவில் ஓடுகிற புள்ளிகள்
மனுஷர் என்று தெரிந்து நிறுத்தினேன்.
இரண்டு, அலெக்சாண்டிரியாவில்,
நீருக்கடியில் சவாரி வந்தவர்கள் வைத்த வெடியில்
துறைமுகச் சேற்றில் உட்கார்ந்து எழுந்தன.
வார்ஸ்பைட்டோ, உடைக்க இழுத்துப் போகிற வழியில்
கயிற்றை அறுத்துக்கொண்டு
கார்ன்வால் பாறையில் ஏறிவிட்டது,
லயத்தைவிட்டு ஓடிப் பிடிபட்டவன் மாதிரி.

ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தபோது
மலாயா மலாயாவில் இல்லை.
வேறு கடலில் வேறு யாருக்கோ காவல்.
சயாம் ரயிலுக்கு ஆள் பிடித்தபோதும் இல்லை.
எங்கள் வீட்டில் ஆண்டியப்பன் என்றொரு பேர்
அந்த வருஷத்தோடு நிற்கிறது.

நாற்பத்தெட்டு ஏப்ரலில் ஸ்காட்லாந்தில்
உடைக்கக் கொண்டுபோனார்கள்.
ஜூனில் இங்கே எமர்ஜென்சி, தோட்டம் சுற்றி முள்கம்பி.
அந்த இரும்பு எங்கே போனதோ.
தெரியாததை நான் எடை போட மாட்டேன்.

பிரிண்டர் கெட்டு ஒரு வாரம். கையால்தான் எழுதுகிறேன்.
ஒரு சீட்டை எடுத்தேன்.
வண்டி எண்: மலாயா.
மொத்த எடை எழுதினேன்.
வெறும் எடை, இறக்கிய பிறகல்லவா போட முடியும்?
யார் இறக்கினார்கள், எங்கே.
நிகர எடைக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

போரில் அது ஏற்றியதாகச் சொல்லும் கொடியைப் பார்த்தேன்:
வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு, நடுவில் ஒரு புலி.
குனிந்து சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.
வெள்ளை டிரைவருக்கு, சிவப்பு ஆலைக்கு,
மஞ்சள் தோட்டத்துக்கு.
கறுப்புக் கார்பனை யாரும் கேட்பதில்லை.
அதில்தான் எல்லா வண்டியும்
ஒன்றன்மேல் ஒன்றாக.

ஆரன்.
ரஃபிக்கின் லாரி. மேடை ஒரு தடவை நடுங்கி நின்றது.
பதினெட்டு டன் நானூறு.
"அண்ணே, சீட்டு" என்றான்.
அடுத்த தாளுக்கடியில்
அதே கார்பனைச் செருகினேன்.